'மாமா' என்று எழுதிய பீம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் மனைவி, உங்கள் மாப்பிள்ளை மூவரும் நலம். உங்கள் மகளும் நலம்தான். அவளால் மற்றவர்கள் படும் பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் உடல்நிலையை விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணப் பேச்சின்போது, "என் பொண்ணு இன்ஜினியர், கான்கிரீட்டுல பலம் இருக்கான்னு பாக்குற வேலை" என்று சொன்னீர்கள். பலம் பார்ப்பது என்றால் தட்டிப் பார்ப்பாள், தடவிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். உடைத்துப் பார்ப்பாள் என்று நீங்கள் மூச்சு விடவில்லை. காலையில் தலைவாரி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறாள். யாரோ கஷ்டப்பட்டு வார்த்த கான்கிரீட் உத்திரத்தை, அவள் பாஷையில் பீமை, இயந்திரத்தில் வைத்து உடைக்கிறாள். சாயங்காலம், "இன்னிக்கு ரொம்ப அழகா உடைஞ்சுது மாமா" என்று சிரித்துக்கொண்டே வருகிறாள். போகட்டும், வீட்டில் பாத்திரம் ஒன்றும் உடையவில்லையே என்று பொறுத்துக்கொண்டேன்.

மாடியில் அவர்கள் இருவருக்கும் ஒரு அறை கட்ட ஆரம்பித்தேன். வரைபடம் அவளே போட்டாள். கூரை பீமின் அடியில் மூன்றே கம்பி! என் பிள்ளையும் மருமகளும் தூங்கப்போகும் தலைக்கு மேலே வெறும் மூன்று கம்பியா? எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து மேஸ்திரியைக் கூப்பிட்டு ஏழாக்கினேன். "மேடம் கேட்டா என்ன சார் சொல்றது?" என்று அவர் தலையைச் சொறிந்தார். "மேடத்துக்கே மாமனார் நான்" என்றேன். சாயங்காலம் அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் ஏணியில் ஏறி, கான்கிரீட் வார்க்க அடித்திருந்த சென்ட்ரிங் பலகைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு மாமா பண்ணது இது?"

"பலமா இருக்கட்டுமேன்னு நான்தாம்மா…"

"பலமாத்தான் இருக்கும். ஆனா சொல்லாம கொள்ளாம உடையும்."

கம்பி கூடினால் ஆபத்து என்று எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா சம்பந்தி? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் என்னைத் தன் சோதனைக்கூடத்துக்கே அழைத்துப் போய்விட்டாள். அங்கே முன்பே வார்த்து வைத்திருந்த இரண்டு பீம்கள். ஒன்றில் அளவான கம்பி. இன்னொன்றில் கம்பியை வாரித் திணித்திருந்தார்கள், அதன் இடுப்பில் சாக்பீஸால் 'மாமா' என்று எழுதியிருந்தது. அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முதல் பீமை அழுத்தினார்கள். அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். பிறகு பக்கத்தில் இன்னும் சில. விரிசல்கள் வாயைப் பிளந்தன, பீம் நடுவில் தொய்ந்தது, ஆனால் விழுவேனா என்கிறது! டீ வந்தது, குடித்தோம், அது இன்னும் தொய்ந்துகொண்டே இருந்தது. "உள்ள கம்பி இழுபட்டு வளைஞ்சு குடுக்குது மாமா. எனக்கு முடியல, எல்லாரும் வெளிய ஓடுங்கன்னு சொல்லுது பாருங்க" என்றாள். "இது பீமா, பழைய கயித்துக் கட்டிலா?" என்றேன்.

அடுத்து என் பீம். முதல் பீம் தொய்ந்துபோன பாரத்தைத் தாண்டியும் அது அசையவில்லை. விரிசலைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கையில் இரண்டாவது டீயோடு எழுந்து நின்று, "பாத்தியாம்மா, யாரோட பீம்…" அவ்வளவுதான், குண்டு வெடித்தது போல ஒரு சத்தம். மேல்பக்கக் கான்கிரீட் நொறுங்கிச் சிதறியது. கண்ணைத் திறந்தபோது நான் அவளுடைய மேலதிகாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீ அவர் சட்டையில் இருந்தது. "கம்பி இழுபடுறதுக்கு முன்னாடியே கான்கிரீட் நொறுங்கிடுச்சு மாமா. வலிக்குதுன்னு சொல்லவே தெரியாத பீம் இது" என்றாள்.

நான் விடுவேனா? "எப்படியும் அதிகம் தாங்கினது என் பீம்தானே? நீ படிச்சது வேற, வீடு கட்டுறது வேற" என்று அத்தனை பேர் எதிரிலும் சொன்னேன். அவள் முகம் சிறுத்துப்போனது. "சரி மாமா" என்றாள். அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் "சரி மாமா"தான். போதாக்குறைக்கு உங்கள் மாப்பிள்ளை வந்து, "அந்தக் கம்பியோட கான்கிரீட் போட்டீங்கன்னா நாங்க மாடிக்கு வர மாட்டோம்ப்பா. அவ ஆபீஸ் பக்கத்துல வீடு பாத்துட்டேன்" என்கிறான். நான் வளர்த்த பிள்ளை, என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டு!

ஆகையால் ஒரு சின்ன உதவி. உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லி மகளை ஒரு வாரம் அங்கே அழைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏழு கம்பியோடு கான்கிரீட்டைப் போட்டு மூடிவிட்டு, கூடுதல் கம்பியை எடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். மூடிய பிறகு யார் எண்ணிப் பார்க்க முடியும்? கூரையும் பலம், குடும்பமும் பிரியாது.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் கூரையில் எத்தனை கம்பி இருந்தாலும் அதன் கீழே எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே சொன்னது எதையும் செய்துவிடாதீர்கள். இதைக் கிழித்திருக்க வேண்டும், இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனசு வரவில்லை. டீயில் சர்க்கரை அதிகம், பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறேன் என்று தினமும் என்னோடு சண்டை பிடிக்கிறவள் அவள். எழுதி முடித்த அன்று வேண்டுமென்றே டிவியை அலறவிட்டு, "சத்தம் ஜாஸ்தியா இருக்காம்மா?" என்று கேட்டேன். "பரவாயில்ல மாமா" என்றாள். என் பீமும் வெடிக்கும்வரை இப்படித்தானே வாயைத் திறக்காமல் நின்றது! சம்பந்தி, அவள் இந்த வீட்டை விட்டுப் போனால் என்னால் தாங்க முடியாது. உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டு நாலு கம்பியை உருவச் சொன்னேன். அவர் சிரித்தார், சிரிக்கட்டும். மருமகளே எண்ணிப் பார்த்து, "ம்" என்ற பிறகுதான் கான்கிரீட் போட்டோம். அந்த "ம்"முக்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ராத்திரி எனக்குத் தூக்கமும் வரவில்லை. இன்று காலை மாடியிலிருந்து, "மாமா! கான்கிரீட்டுக்குத் தண்ணி ஊத்தணும்னு தெரியாதா? காஞ்சு கெடக்கு! ஒரு வேலைய ஒழுங்கா செய்ய மாட்டீங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு கத்தல். அப்பாடா என்று இருந்தது. மறுபடியும் கூப்பிடுகிறாள். இன்னும் ரெண்டு திட்டு திட்டட்டும் என்று மெதுவாகப் படியேறிப் போகிறேன்.