ஏழு வீட்டுக்கும் ஒரே கிருமி

மன்னவனூர்,
13.11.2008

மதிப்பிற்குரிய வடகவுஞ்சி மச்சான் ஞானவேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை அன்னக்கொடியின் புருஷன் திருமலைச்சாமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. அங்கே நீங்கள், அக்கா, பிள்ளைகள், கறவை மாடு வரைக்கும் சுகமாக இருக்கப் பழனியாண்டவன் துணை. இங்கே சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் கம்போடு கிளம்பிவிடுவீர்கள். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை கம்போடுதான் வருகிறீர்கள் என்று பஸ் கண்டக்டர் சொன்னார். அதற்கு முன்னால் என் பக்கத்தையும் கேட்டுவிடுங்கள்.

கேரட் எடுப்பு முடிந்த கையோடு கொடைக்கானலில் இருந்து ஒரு முகாம் வந்தது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருமா என்று முன்கூட்டியே பார்க்கிற முகாம். எழுதவே கூச்சமாக இருக்கிறது, படித்தவுடன் மடித்து வைத்துவிடுங்கள். நர்சம்மா ஸைமா தங்கமான பெண். "டாக்டர்கிட்டக் காட்டக் கூச்சமா இருந்தா, இந்தச் சின்ன பிரஷ்ஷால நீங்களே உள்ள தடவி எடுத்துக் குழாயில போட்டு மூடிக் குடுங்கம்மா, போதும்" என்று எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு குழாய் கொடுத்தது. ஏழு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய், சிரிப்பும் கும்மாளமுமாகத் திரும்பி வந்தார்கள். ரொம்ப நல்ல காரியம் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

போன வாரம் ஜீப் திரும்பி வந்தது. ஏழு குழாயிலும் கிருமி. ஏழுக்கு ஏழு! நர்சம்மாவுக்கே முகம் வெளுத்துவிட்டது. "பயப்படாதீங்க, கிருமி இருந்தா புற்றுநோய்னு அர்த்தமில்ல. நெறையப் பேருக்குத் தானாவே போயிரும். அது சும்மா கெடக்கா, இல்ல சோலியை ஆரம்பிச்சிருச்சான்னு காட்டுற புது மார்க்கர் டெஸ்ட் வந்திருக்கு. இருவத்தொண்ணாந்தேதி வெள்ளிக்கிழமை ஜீப் அனுப்புறோம், வெள்ளனே வந்துருங்க. ஆரம்பத்துலயே பிடிச்சிட்டா சரிபண்ணிரலாம்" என்றது. அதோடு விட்டிருக்கலாம். ஏழு பேரில் மூக்கம்மா, "இது எப்படிம்மா வருது?" என்று கேட்டாள். "புருஷன் மூலமா வரலாம். ஆனா வருசக்கணக்கா உள்ள தூங்கும், எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, யார் மேலயும் பழி போடாதீங்க" என்று நர்சம்மா சொன்னது. தெரு கேட்டது முதல் வார்த்தையை மட்டும்தான் மச்சான். மிச்சத்தை மலைக்காற்று கொண்டுபோய்விட்டது.

எங்கள் கெட்ட நேரம், ஏழு புருஷன்களும் ஒரே லாரியில்தான் கேரட் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போகிறோம். "ஏழு பேரும் ஒரே எடத்துக்குத்தான் போயிருக்கீங்க, எவ அவ?" என்று மகாராணி போட்ட சத்தம் போளூர் வரைக்கும் கேட்டிருக்கும். அவள் புருஷன் மாடசாமி, "தாயி, நாங்க மார்க்கெட் டீக்கடைக்குத்தான் போனோம்" என்றான். சும்மா இருக்க வேண்டியதுதானே? "டீ ஆத்துறவ யாரு?" என்று பிடித்துக்கொண்டார்கள். டீ ஆத்துகிறவருக்கு மீசை இருக்கிறது என்று மயில்சாமி கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணப் போனான். காற்றில் கற்பூரம் பற்றவே இல்லை, அதையும் எங்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இப்போது ஆறு பேருக்கு வீட்டில் சோறு கிடையாது. உருளைக்கிழங்குக் கொட்டகையில் பொங்கித் தின்கிறார்கள். உருளைக்கிழங்குக் குழம்பு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு.

ஆறு பேர் என்றேனே, ஏழாவது ஆள் நான். எனக்கு மட்டும் அன்னக்கொடி சோறு போடுகிறாள் மச்சான். அதுதான் என் பயமே. உப்பு குறையுதுன்னு சொன்னாலே மூணு நாள் பேசாதவ, இப்ப ஒரு வார்த்தை வையல. கேக்காமலே ரெண்டாந்தரம் குழம்பு ஊத்துறா, ஊத்திட்டு மூஞ்சியவே பாக்குறா. வஞ்சாலாவது நிம்மதியா இருக்கும். வெள்ளிக்கிழமை ஜீப்புல போவம்மான்னா, "போனாத்தானே தெரியும், தெரியாமலே இருந்துட்டுப் போறேன்"ங்கிறா. அவளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன மச்சான் செய்வேன்? அடுப்புல எது எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. கம்ப வீட்டுலயே வச்சிட்டு வந்து, நீங்களாவது சொல்லி ஜீப்புல ஏத்தி விடுங்க. ஒட்டன்சத்திரத்துல நான் தின்னது பரோட்டா மட்டும்தான், சத்தியமா.

அக்காவுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசி, மாட்டுக்கு முதுகில் ஒரு தட்டு.

இப்படிக்கு,
குற்றமற்ற
திருமலைச்சாமி

பின்குறிப்பு: எழுத்துப் பிழை இருக்கக் கூடாதென்று அன்னக்கொடியிடம் வாசித்துக் காட்டினேன். ரெண்டாந்தரம் குழம்பு ஊத்துற இடம் வந்ததும் உடைந்து அழுதுவிட்டாள். ஏழு குழாயிலும் இருந்தது அவளுடையதுதானாம் மச்சான்! "ஆஸ்பத்திரியில ரெண்டு பிள்ள பெத்தவ நீ, ஒனக்குத்தான் கூச்சமில்ல"ன்னு ஆறு பேரும் தங்க குழாயையும் அவகிட்டயே எடுத்துப் போடச் சொல்லிக் குடுத்திருக்காளுக. ஏழுன்னு நர்சம்மா சொன்ன அந்த நிமிசமே ஏழு பேருக்கும் தெரிஞ்சு போச்சு, இது யாரோட கிருமின்னு. ஒரு வீடுன்னா ஊரு விரல் நீட்டும், ஏழு வீடுன்னா யாரு யாரப் பேசுறதுன்னு மகாராணிதான் முதல்ல சண்டையத் தொடங்கியிருக்கா. அத்தனை சத்தமும் என் பொண்டாட்டிக்காக.

நர்சம்மாவுக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லியாச்சு. நல்லாத் திட்டிவிட்டு, ஆறு பேருக்கும் புதுக் குழாய் தருகிறேன் என்றதாம். வெள்ளிக்கிழமை ஏழு பேரும் ஒன்றாகப் போகிறார்கள். அன்னக்கொடியும் சரி என்றுவிட்டாள். ஆம்பளைகளுக்கு இன்னும் தெரியாது, தெரியவும் வேண்டாம். நான் மட்டும் வீட்டில் சாப்பிட்டால் சந்தேகம் வரும் என்று இன்று முதல் எனக்கும் உருளைக்கிழங்குதான்.

அதனால மேல எழுதினத எல்லாம் மறந்துருங்க. கம்போடயே வாங்க. தெருவுல நாலு பேரு பாக்க என்னைய நல்லா வைய்யுங்க. ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் தங்கிருங்க மச்சான். ஜீப்புல பொம்பளைகளுக்கு மட்டும்தான் எடமாம். பின்னால பஸ்ஸுல தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு.