வசதிக்கு ஒரு குறையும் இல்லை

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு, உன் தம்பி எழுதுவது. இருமல், காய்ச்சல் எதுவும் அண்டாமல் நலமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் வீட்டுக்குள்ளேயே, ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீடியோ காலில் விசாரித்திருக்கலாம்தான். ஆனால் நீ போனைப் பிடிக்கிற அழகில் எனக்கு உன் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிகின்றன. வாயைப் பார்க்காமல் எனக்கு என்ன புரியும்? அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையை விடப்போகிறேன். பதறாதே, முழுசாகப் படி.

ஊரே அடைத்துக் கிடந்தபோதும் எங்கள் மருந்து கோடவுனை மட்டும் மூடவில்லை. எல்லாருக்கும் மாஸ்க் கொடுத்தார்கள். நாலு பேர் வாயைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் காலம் தள்ளினேன், அத்தனை வாயும் ஒரே நாளில் மூடிக்கிச்சு. என் காதுக்கு வந்த கஷ்டத்தைக் கேளு. காது மிஷின், மூக்குக்கண்ணாடி, மாஸ்க் கயிறு, ஒரே காதுல மூணு குடித்தனம். ஒரு நாள் மாஸ்கைக் கழட்டறப்போ மிஷினும் கூடவே கழண்டு, நான் பேக் பண்ணிக்கிட்டிருந்த இருமல் மருந்துப் பெட்டிக்குள்ள விழுந்து, தெரியாம நானே அதை ஒட்டி லாரியிலயும் ஏத்திட்டேன். மருந்துக் கடைக்காரர் 'இது நாங்கள் கேட்காத சரக்கு'ன்னு சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினார்.

அப்புறம் தலைமை ஆபீஸிலேர்ந்து சுற்றறிக்கை வந்துச்சு. உடம்புல குறை உள்ளவங்களுக்கு இந்தக் காலத்துல வேண்டிய வசதியெல்லாம் செஞ்சு கொடுக்கணுமாம். மேனேஜர் நல்ல மனுஷன், உடனே மீட்டிங் போட்டார். எனக்கு என்ன வேணும்னு என்னையே கேட்கிற மீட்டிங். எல்லாரும் மாஸ்க், யார் பேசறாங்கன்னே தெரியல. திடீர்னு எல்லாரும் என்னைப் பார்த்தாங்க, நான் மரியாதைக்குத் தலையாட்டி வெச்சேன். அடுத்த வாரம் வாசப்படியை இடிச்சு, சக்கர நாற்காலி ஏற சாய்தளம் கட்டிட்டாங்க. என் காலுக்கு என்ன வந்துச்சு அக்கா? தள்ளுவண்டி சுலபமா ஏறுதுன்னு பேக்கிங் ஆளுங்களுக்கு மட்டும் ஏக சந்தோஷம்.

அதுக்கப்புறம்தான் வாய் தெரியற மாஸ்க் வேணும்னு எழுதியே கொடுத்தேன். வந்துச்சு, ஒண்ணே ஒண்ணு. முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். பெரிய சைஸ், அது நின்னது ஸ்டாக் பார்க்கிற மீசைக்காரர் முகத்துல மட்டும்தான். இனிமே என்கிட்ட யார் எது சொல்லணும்னாலும் அவர் வழியாத்தான் சொல்லணும்னு ஏற்பாடு ஆயிடுச்சு. அவர் மீசையை நீ பார்த்ததில்ல. கூரை மாதிரி இறங்கி ரெண்டு உதட்டையும் மூடிடும். கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து வளர்க்கிறார், அவர் சம்சாரமே அந்த உதட்டைப் பார்த்ததில்லைன்னு பேச்சு. மாஸ்க் இல்லாத காலத்துலயே அவர் பேசினது எனக்கு ஒரு எழுத்துப் புரிஞ்சதில்ல. இப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள மீசை ஆடுது, நானும் தலையாட்டறேன்.

வேலைக்கு ஒண்ணும் பாதகமில்ல, அதுக்குச் சீட்டு எழுதிடறாங்க. 'அவசரம்', 'உடைந்தது', 'திரும்ப எண்ணவும்'. ஆனா சீட்டுல யாராவது ஜோக் எழுதுவாங்களா? மேனேஜர் வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டதை எழுதுவாங்களா? சாப்பாட்டு நேரத்துல ஆளுக்கு ஒரு மேஜை, சுவரைப் பார்த்து உட்காரணும். அவங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்ல, திரும்பாமலே பேசிக்கறாங்க. போன வாரம் பில் போடற அம்மா என்னமோ சொன்னாங்க போல, திரும்பிப் பார்த்தா எல்லார் தோளும் குலுங்குது. என்னன்னு கேட்டேன். கையை ஆட்டினாங்க. 'ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்'கிற ஆட்டல். அது மட்டும் எந்த மாஸ்க் போட்டாலும் எனக்குப் புரியும். திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் சுவர்ல பெயின்ட் உரிஞ்ச இடம் ஒரு ஆடு மாதிரி இருக்கு, இப்ப எனக்குப் பந்தியில துணை அதுதான். அறைக்கு வந்தா யாருமில்ல. கோடவுன்லயும் யாருமில்லன்னா நான் எங்கதான் போறது? ரொம்பத் தனியா இருக்கு அக்கா.

அதனால ராஜினாமா எழுதிட்டேன். உன் வீட்டுப் பின் அறையில இருக்கிற தையல் மிஷினைக் கொஞ்சம் நகர்த்தி வை, ஒரு கட்டில் போட்டா போதும். அத்தான் குறட்டையைப் பத்திக் கவலைப்படாதே, நான் காது மிஷினைக் கழட்டிடுவேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், வாயாடிகளாக வளர என் ஆசீர்வாதம்.

என்றும் உன் சொல் கேட்காத தம்பி.

பி.கு.: ராஜினாமாவைக் கொடுத்துட்டு இதைத் தபால்ல போடலாம்னு ரெண்டையும் சட்டைப்பையில வெச்சுக்கிட்டுப் போனேன். சாய்தளத்துல யாரோ புது ஆள் நின்னார். மீசைக்காரரோட கண்ணாடி மாஸ்க், ஆனா உள்ளே மீசை இல்ல. மழிச்ச இடம் வெளுத்துப் போய், அதுக்குக் கீழே ஒல்லியா, வெட்கப்பட்டுக்கிட்டு ரெண்டு உதடு. "என்ன முழிக்கறீங்க, நான்தான்"னார். ஒரு எழுத்து விடாம புரிஞ்சுது. சாப்பாட்டு நேரத்துல நாற்காலியைச் சுவர்லேர்ந்து என் பக்கம் திருப்பிப் போட்டு, போன வாரம் பில் போடற அம்மா சொன்ன ஜோக்கை முழுசா சொன்னார். அக்கா, அது அப்படி ஒண்ணும் நல்ல ஜோக் இல்ல. தோள் குலுங்கற அளவுக்கு அதுல என்ன இருக்குன்னு இன்னும் எனக்குத் தெரியல. ரொம்ப நேரம் சிரிச்சேன். தையல் மிஷினை நகர்த்த வேண்டாம்.