ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு

உபகாரிகளில் பல ரகம் உண்டு. கேட்டால் உதவுகிறவர் ஒரு ரகம். கேட்காமலே உதவுகிறவர் இன்னொரு ரகம். வேண்டாம் சாமி என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் விடாமல் உதவுகிறவர் மூன்றாவது ரகம். இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது நான்காவது ரகம். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது, உங்களுக்கே தெரியாமல், கம்ப்யூட்டருக்குள் நீங்களாகவே புகுந்து உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு நல்லது செய்கிறவர். பாஸ்வேர்டு பரோபகாரி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியாதே என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். தாலுகா ஆபீஸ் இருக்கிற எந்த ஊருக்கும் போங்கள். அதன் எதிரிலோ பின்சந்திலோ இரண்டு கம்ப்யூட்டர், இருமிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அதன் மேல் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம், சுவரில் “உங்கள் தகவல்களின் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு” என்று ஒரு வாசகம், அந்த வாசகத்துக்குக் கீழேயே யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பது போல அறுபது பேருடைய ஆதார் நகல், இவற்றுக்கு நடுவே காதில் பேனாவோடு ஒருவர் இருப்பார். அவர்தான்.

எங்கள் கள்ளக்குறிச்சியில் அவர் பெயர் தங்கதுரை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ‘துரை நெட் சென்டர்’.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தங்கதுரை திருடர் அல்ல. திருடராக இருந்தால் எனக்கு வேலை சுலபம், போலீஸுக்கும் சுலபம். யாருடைய கணக்கிலிருந்தும் ஒரு பைசா எடுத்தவரில்லை. கல்வராயன் மலையிலிருந்து முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட வருகிற கிழவிக்குத் தன் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே டைப் அடிப்பார். அதனால்தான் ஊரே அவரை நம்புகிறது. அதனால்தான் வினையும்.

அவருடைய தொழில்முறை இப்படி. விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்டால் தன் எண்ணைப் போட்டுவிடுவார். “ஒங்க ஊர்ல டவர் எங்க கீது? என் நம்பரு போட்டா சேதி கரெக்டா வரும்.” நியாயம்தானே? அந்த மலைமேல் இருக்கிற வெள்ளிமலை ஊரில் ஒரு குறிப்பிட்ட பாறைமேல் ஏறி, ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பி நின்றால்தான் போனில் ஒரு கோடு தெரியும் என்கிறார்கள். பாஸ்வேர்டு கேட்டால், யாராக இருந்தாலும், ‘துரை அட் ஒன் டூ த்ரீ’. ஆளுக்கொன்று வைத்தால் மறந்துபோய்விடும் அல்லவா? யாருக்கு என்று கேட்கக் கூடாது. அவருக்குத்தான். இப்படியாக மலைமேலும் மலைக்குக் கீழும் ஐந்நூறு குடும்பத்தின் சாதிச் சான்று, பட்டா, ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரே பூட்டில், ஒரே சாவியில் இருந்தன. அந்தச் சாவியும் அவர் டைப் அடிக்கும்போது உதட்டை அசைத்துக்கொண்டே அடிப்பதால் ஊர் முழுக்கத் தெரிந்த சாவி.

வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாள்களை அவர் கிழிக்க மாட்டார். காகிதம் லட்சுமி. கட்டுக்கட்டாகப் பக்கத்து வடைக் கடைக்குப் போகும். ஒருமுறை மெதுவடையைத் தின்று முடித்துவிட்டுப் பார்த்தால், என் கையில் சுப்புராயன் என்பவரின் வருமானச் சான்று. எண்ணெயையும் மீறி எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. பாவம், கஷ்ட ஜீவனம்தான்.

டீக்கடைக்கு வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். “சார், இது ரகசியம். ஒங்களுக்கு மட்டுந்தான் சொல்றேன்.” அந்த ‘ஒங்களுக்கு மட்டும்’ என்பதில் நான், டீ மாஸ்டர், பேப்பர் படிக்கிறவர், பேப்பர் படிக்கிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று பேப்பர் படிக்கிறவர் எல்லாரும் அடக்கம்.

சட்டம் என்று ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று வருஷம் வரை உள்ளே இருக்கலாம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருக்கிறது. ரிட்டயர்டு வாத்தியார் என்ற உரிமையில் ஒருநாள் அவரிடமே எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அது மோசடி பண்றவனுக்குத்தான சார்? நான் நல்லதுதான பண்ணிக்கினு இருக்கேன்?”

நானும் கூடவே சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

இனி ஜெயசுதா கதைக்கு வருகிறேன். மாஸ்க் எல்லாருடைய தாடையிலும் தொங்கிக்கொண்டிருந்த காலம். இடஒதுக்கீட்டுப் போராட்டங்கள் சூடு பிடித்திருந்தன. வாரத்துக்கு ஒரு மறியல், மறியலுக்கு ஒரு கைது. கோரிக்கை நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அவரவர் பிள்ளைக்கு அவரவர் கேட்கிறார்கள். நம் தங்கதுரை அதில் முன்னணி. கோஷம் எழுதுவது, அச்சடிப்பது, பிடித்துக்கொண்டு நடப்பது மூன்றும் அவரே. அவர் எழுதியதில் அவருக்கே ரொம்பப் பிடித்தது இது: “எங்கள் பிள்ளைகளின் இடத்தை முடிவு செய்ய நீ யார்?” அச்சடித்ததில் மிஞ்சிய ஒன்றைக் கடைச் சுவரிலும் ஒட்டியிருந்தார், உயிர்மூச்சு வாசகத்துக்குப் பக்கத்திலேயே.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளிமலைப் பெண் ஜெயசுதா பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வந்தாள். அப்பா சடையன் சாமையும் புளியும் விற்கிற மனிதர். அவர்கள் வகையறாவில் அதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. பெண்ணோ ஒரு நோட்டில் கல்லூரிகளை வரிசை போட்டே எடுத்து வந்திருந்தாள். முதல் ஐந்தும் சென்னை, ஐந்தும் கம்ப்யூட்டர் படிப்பு. தங்கதுரை அப்படியே ஏற்றினார். கடைசி நாள்வரை வரிசையை மாற்றலாம் என்று திரையில் இருந்தது.

“நீ போம்மா. மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார்.

பார்த்துக்கொண்டார். அவள் பஸ் ஏறியதும் யோசித்திருக்கிறார். பொம்பளைப் பிள்ளை, சென்னையில் யார் இருக்கிறார்கள்? காய்ச்சல் என்றால் யார் பார்ப்பது? ‘துரை அட் ஒன் டூ த்ரீ’ போட்டு உள்ளே போய், பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றைத் தூக்கி முதலில் வைத்துவிட்டார். அவளுக்குச் சொன்னாரா? எதற்கு? நல்லதைச் சொல்லிவிட்டா செய்வார்கள்? ஆனால் டீக்கடையில் சொன்னார், ரகசியமாக. நான் டீயை ஊதிக்கொண்டே “புண்ணியமாப் போகும் துரை” என்றேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடை ரகசியம் சந்தைக்குப் போயிற்று. சந்தையில் யாரோ சடையனிடம், “ஒம் பொண்ணுக்குப் பக்கத்துலயே காலேஜு கெடைக்கப் போவுதாமே” என்று சொல்ல, சடையன் சந்தோஷமாக மலையேறிப் போய் மகளிடம் சொல்ல, மகள் அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம். மறுநாள்தான் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு சரி.

மறுநாள் மறியல். பஸ் இல்லை. கச்சிராயபாளையம்வரை ஜீப்பிலும், அங்கிருந்து பாதி தூரம் யாரோ ஒருவரின் மொபெட்டிலும், மீதி தூரம் நடையுமாக அவள் துரை நெட் சென்டருக்குள் நுழைந்தபோது மணி நாலரை. காலில் முட்டிவரை புழுதி. நான் அங்கேதான் இருந்தேன். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டும், அதற்காக. தங்கதுரை இல்லை. அவரைக் காலையிலேயே கைது பண்ணி, மற்றவர்களோடு ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். கடையில் அவர் மனைவி எழில்மதி.

“அக்கா, என்னுதக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க.”

எழில்மதி திறந்தாள். அதற்கென்ன, அந்தச் சாவி அவளுக்கும் தெரியும். ஜெயசுதா திரையைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அழவில்லை. “மாத்துங்கக்கா” என்றாள். எழில்மதி மாற்றினாள். உடனே திரை ஆறு இலக்க எண் கேட்டது. எண் எங்கே வரும்? தங்கதுரை போனுக்கு. தங்கதுரை எங்கே? மண்டபத்தில்.

எழில்மதி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் கோஷம், இரைச்சல், பொட்டலம் பிரிக்கிற சத்தம். அவரும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறார் என்பது தெரிந்தது.

“நம்பரா? இரு இரு, ஏகப்பட்டது வந்து கெடக்குது. நாலு ஏழு ஒண்ணு...”

போட்டோம். தவறு. அது யாருடைய கேஸ் சிலிண்டரோ.

“அப்ப இதுவா? எட்டு ரெண்டு ரெண்டு...”

அதுவும் இல்லை. அது என்னுடையது. நான் உயிரோடு இருப்பதற்கான எண்ணை, கைதான முந்நூறு பேருக்கு நடுவே அவர் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். மணி நாலு ஐம்பது.

“அண்ணா, வெரசா பாத்துச் சொல்லுங்க. காலேஜு கலந்தாய்வுன்னு போட்டுக்கினு வந்திருக்கும்.”

“ஜெயசுதாவா? எதுக்கும்மா அத்தத் தொறந்த? நான்தான் கரெக்டா போட்டு வெச்சிக்கிறேனே.”

“நான் போட்டத நீங்க மாத்தி வெச்சிருக்கீங்கண்ணா.”

“ஒன் நல்லதுக்குத்தாம்மா! சென்னை இன்னா பக்கத்துலயா கீது? எனக்குத் தெரியாதா எது நல்லதுன்னு? ஒங்கப்பன்கிட்ட கேளு, அவுரே சந்தோசமா...”

நாலு ஐம்பத்திரண்டு. எழில்மதி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெயசுதா நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கச் சொன்னால் வாசிப்பார்களே, அப்படி நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

“எங்கள் பிள்ளைகளின் இடத்தை முடிவு செய்ய நீ யார்?”

மண்டபத்தில் சத்தம் குறைந்தது. யாரோ ஒருவர் சிரித்தார். இன்னொரு குரல், “கேக்குதில்ல துரை? நம்ம கோசந்தான், பதிலு சொல்லு” என்றது. அப்புறம் தங்கதுரை ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னார், அந்த முறை சரியாக.

ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் வரிசை ஏறியது. அதோடு விட்டாளா? கைபேசி எண்ணைத் தன் எண்ணாக மாற்றினாள். அதற்கொரு எண் கேட்டது, அதையும் தங்கதுரையிடமே வாங்கினாள். பிறகு எழில்மதியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, துப்பட்டாவால் கீபோர்டை மூடிக்கொண்டு புதுப் பாஸ்வேர்டு அடித்தாள். உதடு அசையவில்லை.

இடம் சென்னையிலேயே கிடைத்தது. முதல் கல்லூரி அல்ல, நான்காவது. ஆனால் அவள் எழுதிய நான்காவது.

தங்கதுரை திருந்திவிட்டார் என்று எழுதி முடித்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். அவருக்கு இன்றுவரை அது ஒரு மனத்தாங்கல். “நம்பர மாத்தினது கூடப் பரவால்ல சார். பாஸ்வேர்டு இன்னான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். நாளைக்கு மறந்துட்டான்னா யாரு எடுத்துக் குடுக்கறது?” என்கிறார். கண்கூடக் கலங்குகிறது. அவ்வளவு நல்ல மனிதர்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? “புண்ணியமாப் போகும்” என்று சொன்ன வாய் இதுதான். அந்தப் பெண் நான்கு மைல் நடந்து வந்து நின்றபோதுதான், என் வாய்க்கும் அதில் பங்குண்டு என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் என் போனை எடுத்துப் பார்த்தேன். மனைவி ராஜாம்பாளின் வங்கிக் கணக்குக்கு என் எண். மகள் மணிமொழியின் மேல்படிப்பு விண்ணப்பத்துக்கும் என் எண். ராஜாம்பாளிடம், “ஒன் நம்பருக்கு மாத்திடட்டுமா?” என்று கேட்டேன். “எதுக்கு? நீங்கதான எல்லாத்தியும் பாத்துக்கிறீங்க” என்றாள். கேட்கக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் இந்த நோயின் முதல் அறிகுறி என்பது பிறகுதான் புரிந்தது.

மணிமொழியைக் கூப்பிட்டு, “நீ மொதல்ல எந்தக் காலேஜு நெனச்ச?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “இப்ப கேக்கறீங்களேப்பா” என்றாள்.

உங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இருக்காது. நீங்கள் படித்தவர், சட்டம் தெரிந்தவர், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதவர். இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். உங்கள் மகளோ மகனோ முதலில் எழுத நினைத்த கல்லூரி எது என்று கேளுங்கள். விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிடாதீர்கள், பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். பிள்ளையைக் கேளுங்கள்.