பர்மிட் இல்லாத ஆமை

உ

மரக்காணம்,
18-2-1978.

அன்புள்ள மச்சான் சகாதேவனுக்கு, மாமா தட்சணாமூர்த்தி எழுதிக்கொண்டது.

இங்கு நான், உன் அக்காள் பொன்னம்மாள், நம் வீட்டுப் பசு, ஓர் ஆமை ஆகிய நால்வரும் இந்த நிமிஷம் வரைக்கும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் வசந்தாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இருப்பதும் இருக்காததும் இனி உன் கையில்தான் இருக்கிறது. பட்டணத்தில் வனத்துறை ஆபீஸில் டைப் அடிக்கிற சொந்தக்காரன் எனக்கு நீ ஒருத்தன்தான். உன் கல்யாணப் பந்தியில் "மிஷின் தட்டுறதெல்லாம் ஒரு உத்தியோகமா" என்று நான் நாலு பேருக்கு முன்னால் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே. அன்றைக்கு என் பொறுப்பில் வன உயிர் எதுவும் இருக்கவில்லை, வாய்க்கொழுப்பு இருந்தது.

எல்லாம் முடி வெட்டுகிற கடையில் ஆரம்பித்தது. அங்கே போனால் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு வருவது என் வழக்கம். வெட்டுவதற்குத்தான் தலையில் ஒன்றும் இல்லை. காடு, ஏரி, ஆறு, வன உயிர் எல்லாவற்றையும் காப்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள் என்று போட்டிருந்தது. சரி, அறுபது கோடிப் பேர் இருக்கிறார்களே, என் முறை வர நாளாகும் என்று புரட்டினால், கீழே இன்னொரு சேதி. வன உயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமையையும் சேர்த்துவிட்டார்களாம். புலி இருக்கிற அதே அட்டவணை! கை வைத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆறு வருஷம் வரைக்கும் உள்ளே. நானும் அன்று சிரித்தேன் மச்சான். புலியையும் ஆமையையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டார்களே என்று கடையில் எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அந்தச் சிரிப்பு கால்வாய் வழியாக நீந்தி வந்து என் உப்பளத்திலேயே ஏறும் என்று யார் கண்டார்கள்?

நம் வேலை உனக்குத் தெரிந்ததுதான். பொங்கல் கழிந்து பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி, அமாவாசை ஓதத்தில் கடல் ஏறுகிறபோது மதகுப் பலகையைத் தூக்கினால் கால்வாயில் இருக்கிற கடல் தண்ணீர் தானாகத் தலைப்பாத்திக்கு வரும். நிறைந்ததும் பலகையை இறக்கிவிடுவோம். அங்கே காய்ந்து காரம் ஏறிய தண்ணீரை அடுத்தடுத்த பாத்திக்கு விட்டால்தான் கடைசியில் உப்பு விழும். இந்த மாதம் எட்டாம் தேதி காலையில் அப்படித்தான் பலகையை இறக்கினோம். வரப்பு மேல் நின்றிருந்த ஆராயி திடீரென்று கையை நீட்டி, "முதலாளி, தண்ணியோட யாரோ வந்துக்கிறாங்க" என்றாள். பார்த்தால் கவிழ்த்த இரும்புச் சட்டி மாதிரி ஒன்று மிதக்கிறது. சட்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

ஆராயி நம் அளத்தில் பதினைந்து வருஷமாக உப்பு வாருகிறவள். எதற்கும் யாரையும் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. "பாவம், வழி தப்பிடுச்சி" என்று சொல்லிக்கொண்டே பலகையைத் தூக்கப் போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "விடாதே!" என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று பத்து நாளாக யோசிக்கிறேன். என் பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் வேட்டி மடிப்பில் ஒரு பிடி உப்பு ஒட்டிக்கொண்டு போனதற்குச் சாவடியில் மூன்று நாள் உட்கார்ந்தவர். பர்மிட் இல்லாமல் அளத்தை விட்டு எதுவும் வெளியே போகக்கூடாது என்பதை எங்கள் வீட்டில் பாலோடு சேர்த்துப் புகட்டிவிட்டார்கள். ஒரு மூட்டை உப்புக்கே சீட்டு வேண்டும் என்கிறபோது, முதல் அட்டவணையில் புலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிராணியை ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் எப்படி அனுப்புவது? நாளைக்கு எவனாவது "தட்சணாமூர்த்தி அளத்துக்குள்ளே ஆமை போச்சு, வெளியே வரலை" என்று சொன்னால், நான் அதைக் குழம்பு வைக்கவில்லை என்பதற்கு என்ன ருசு?

ஆகவே கடற்கரைச் சவுக்குத் தோப்புக் காவலர் நடராசனுக்கு ஆள் அனுப்பினேன். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார், பாவம்.

"இதுக்காங்க வரச் சொன்னீங்க? பலகையத் தூக்குங்க, அது பாட்டுக்குப் போயிடும்" என்றார்.

"எழுதிக் குடுத்துடுங்க, இப்பவே தூக்கிடறேன்."

"இன்னாங்க எழுதறது?"

"இன்ன தேதி, இன்ன நேரம், உயிருள்ள ஆமை ஒண்ணு, அளத்துலேர்ந்து கடலுக்குப் போகலாம்னு."

"எனக்கு அந்த பவர் இல்லீங்களே. தோப்புல ஆடு மேஞ்சா புடிக்கற பவர்தான் இருக்குது."

"அப்போ பவர் இருக்கறவரு எழுதட்டும். அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்."

அவர் என்னையும் ஆமையையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் இருவரில் யாருக்கு மூளை அதிகம் என்று கணித்திருப்பார் போல. பெருமூச்சு விட்டு, பையிலிருந்து காகிதம் எடுத்து, "உயிருள்ள கடலாமை ஒன்று, மேலதிகாரி உத்தரவு வரும்வரை மேற்படியாரின் பொறுப்பில் பத்திரமாக வைக்கப்படுகிறது" என்று எழுதி நீட்டினார். மேற்படியார் நான்தான். காகிதம் கிடைத்த சந்தோஷத்தில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் சைக்கிள் திருப்பம் திரும்பிய பிறகுதான் அந்த வரியை மட்டும் படித்தேன். செத்தால் நான் கொன்றவன். போனால் நான் தப்பவிட்டவன். இருந்தால் நான் காவல்காரன்.

வீட்டில் சொன்னேன். உன் அக்காள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் வெளங்காதுன்னு சொல்லுவாங்க. ஆமையாவது தானா வந்துச்சி. அமீனாவை நீங்களே ஆள் அனுப்பி வரவழைச்சிருக்கீங்க" என்றாள். அளம் வேறு, வீடு வேறு என்று சட்டப்படி விளக்கினேன். அன்று சாப்பாடு லேட்.

பத்து நாளாக நான் படுகிற பாட்டைக் கேள். முதலில் தீனி. அகத்திக்கீரை போட்டேன், பழைய சோறு போட்டேன், ஒரு நாள் பயத்தில் இட்லியும் போட்டேன். எதையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. இட்லியைக் காக்கை தின்று நாலு சொந்தக்காரர்களை அழைத்து வந்தது. பட்டினி போட்டால் அது துன்புறுத்தலாமே! கடலோரக் குப்பத்துச் சுப்ராயனைக் கூப்பிட்டு நண்டு கொண்டுவரச் சொன்னேன். அவன் வந்து பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தான். "ஏம்பா, எங்க வலையில மாட்னா வலையை அறுத்து வுட்டுட்டுப் போய்க்கினே இருப்போம். நீ இன்னாடான்னா ஜப்தி பண்ணி வச்சிகினு விருந்து வைக்கிற!" என்றான்.

அடுத்தது தண்ணீர். தேங்கின கடல் தண்ணீர் இந்த வெயிலில் என்ன ஆகும் என்று உப்புக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி என்று பார்க்கிற கண்ணாடிக் குழலை எட்டாம் தேதி விட்டபோது மூன்று காட்டியது. நேற்று நாலு. இன்று நாலேகால். இருபத்தைந்து வந்தால் உப்பு விழும். அப்புறம் என் பொறுப்பில் இருப்பது ஆமை இல்லை, ஆமைக் கருவாடு. பலகையைத் தூக்கிப் புதுத் தண்ணீர் விடலாம் என்றால் ஆமை போய்விடும். மதகுக்குக் குறுக்கே வலை கட்டலாம் என்று சுப்ராயனிடம் வலைகூட வாங்கிவிட்டேன். ஆனால் பொறி வைப்பதும் கண்ணி வைப்பதும் வேட்டைதான் என்று சட்டத்தில் இருக்கிறதாமே? வலை அதில் எந்த ரகம்? வாங்கின வலையைச் சுருட்டி வைக்கோல்போரில் ஒளித்து வைத்திருக்கிறேன். அதனால் ஆட்கள் குடம் குடமாகக் கால்வாய்த் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றுகிறார்கள். தலைப்பாத்தியை அடுத்ததற்குத் திறக்க முடியாததால் கீழ்ப்பாத்திகள் எல்லாம் வெடித்துக் கிடக்கின்றன. ஊரில் எல்லா அளத்திலும் இந்த வாரம் வெள்ளை தெரிகிறது. என் அளத்தில் நான் குடை பிடித்து உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

இதில் அநியாயம் என்னவென்றால், ஒரு சந்தையில் ஆமை முட்டையைக் கூடையோடு வைத்து விற்றதை நானே பார்த்தேன். அங்கே சட்டம் போகவில்லை. ஒழுங்காகப் பேப்பர் படிக்கிறவன் வீட்டைத்தான் தேடி வருகிறது.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டேன். நேற்று சுப்ராயன் இரண்டாம் முறை வந்து, தண்ணீரில் இறங்கிப் பார்த்து, சிரிப்பை நிறுத்திவிட்டான். "யோவ், இது பொட்டை. வவுத்துல முட்டை இருக்குது. மணலுக்குப் போவத்தான் வந்துகீது. இன்னும் ரொம்ப நாள் தாங்காது" என்றான். எத்தனை முட்டை இருக்கும் என்று கேட்டேன். நூறு, நூற்றிருபது என்றான். எனக்குக் காது அடைத்துவிட்டது. சீட்டில் ஒன்று என்றல்லவா இருக்கிறது? நூற்றிருபத்தொன்று ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் வைத்துப் பார், எந்தப் பிறவியில் வெளியே வருவேன்? நான் விரலை மடக்கிக்கொண்டிருந்தபோது குடத்தோடு நின்ற ஆராயி, "புள்ளத்தாச்சிய அடைச்சி வச்சிகினு வெரலை மடக்கிகினு நிக்கிறியே, நீயெல்லாம்..." என்று ஆரம்பித்து, முதலாளி என்று நினைவு வந்து, மிச்சத்தை ஆமையிடம் சொன்னாள். ஆமைக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது.

மச்சான், சிரித்துப் பேசினாலும் ராத்திரி தூக்கம் இல்லை. அது தலையைத் தூக்கி மூச்சு விடுகிறபோதெல்லாம் எனக்கு மூச்சு வருகிறது. முன்பெல்லாம் சட்டென்று தூக்கும். இப்போது நேரம் எடுக்கிறது. ராத்திரி பூரா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். உங்கள் ஆபீஸில் யாருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதோ அவரிடம் சொல்லி, "மேற்படி ஆமை கடலுக்குப் போகலாம்" என்று ஒரே ஒரு வரி, சீல் வைத்து வாங்கி அனுப்பு. நீயே டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தால் சீக்கிரம் ஆகும். மிஷின் தட்டுவது போல உன்னதமான உத்தியோகம் உலகத்தில் இல்லை.

வசந்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் பதினாறும் பெற்று வாழ வேண்டும். ஆமை போல நூற்றிருபது வேண்டாம், பொறுப்பு அதிகம்.

இப்படிக்கு,
பாதுகாப்பில் இருக்கும் உன் மாமா,
தட்சணாமூர்த்தி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போன நேரத்தில் அளத்திலிருந்து கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால் பலகை மேலே, ஆராயி இடுப்பளவு தண்ணீரில், ஆமை கால்வாயில். "பர்மிட்டு நான் குடுத்துட்டேன், என்னை உள்ள வை!" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அது வளைவு திரும்பி முகத்துவாரத்துப் பக்கம் போகிறவரை நானும் ஆட்களோடு கை தட்டிக்கொண்டே கரையில் ஓடினேன். திரும்பி வந்தால் வாசலில் சைக்கிள். நடராசன் மேலதிகாரியின் உத்தரவோடு நிற்கிறார். ஆமையை வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வந்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில், தம் கையாலேயே கடலில் விடுவாராம். "ஆமை எங்கங்க?" என்றார். "தூங்குது, எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். அதற்குப் பதிலாகப் புதன்கிழமைக்குள் அந்தப் பக்கம் எங்கேயாவது ஓர் ஆமை கிடைக்குமா என்று விசாரி. உயிரோடு வேண்டும். சீட்டை இப்போதுதான் முழுசாகப் படித்தேன்: ஓட்டின் இடது பக்கம் ஒரு கீறல் என்று அடையாளம் எழுதியிருக்கிறது, அதையும் பார்த்துக்கொள். முட்டை இருக்கிறதாக மட்டும் அனுப்பாதே; ஆராயி இன்னும் இங்கேதான் வேலை செய்கிறாள்.