சம்பந்தியம்மா கொடுத்த மிளகாய்ச் செடிகள்

மாதா துணை

காரைக்கால்,
3.8.1983

புதுச்சேரியில் என் மகள் ஞானமேரியோடும் பேரப்பிள்ளைகளோடும் சுகமாக இருக்கும், அப்படியே இருக்கவேண்டும் என்று நாங்கள் செபத்தில் கேட்டுக்கொள்ளும், மரியாதைக்குரிய மாப்பிள்ளை பிலோமின்ராஜ் அவர்களுக்கு, மாமனார் மரியசூசை தன் சொந்தக் கையாலேயே எழுதிக்கொண்டது. இங்கே மனிதர்கள் எல்லாரும் நலம். செடிகள் நலமில்லை.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை உங்களுக்கு வந்த என் கடிதங்களை எழுதியது தபால்காரர் சோமசேகரன். நான் சொல்வதில் பாதியை, "இதெல்லாம் எதுக்குங்க" என்று அவர் விட்டுவிடுவார். இப்போது முதியோர் பள்ளியில் எழுத்து முழுவதும் கற்றுவிட்டேன். இனி எதையும் விடமாட்டேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது, விரல் வலிக்கிறது, அதுவும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இனி அதிர்ச்சி. திருமலைராயன்பட்டினம் செல்வம்மாள் அம்மா உங்கள் மச்சான், நம் அருளானந்தத்துக்குப் பெண் கொடுக்கலாமா என்று வீடு பார்க்க வந்தார்கள் அல்லவா? போகும்போது ஐந்து மிளகாய் நாற்றைத் தொட்டியோடு என் கையில் கொடுத்து, "எங்க வீட்டு விதை இது. மாதா திருவிழாவுக்கு வர்றப்போ பார்க்கிறேன். பார்த்துட்டு மத்ததப் பேசுவோம்" என்றார்கள். மத்தது என்றால் கல்யாணம். ஒரு மிளகாய்ச் செடியை வளர்க்கத் தெரியாத வீட்டில் பெண்ணைக் கொடுப்பார்களா? எனக்கு அன்றிலிருந்தே சோறு சரியாக இறங்கவில்லை.

செடி நன்றாகத்தான் வந்தது. பூ விடும் சமயத்தில் இலை படகு மாதிரி மேல்பக்கமாக மடங்கியது. ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஒரு ஊரே குடியிருந்தது. இந்த வயதுவரை எவ்வளவோ இலையில் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு இலையின் பின்பக்கத்தைப் பார்த்தவனில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்க அத்தை அந்தோணிமேரி வந்து பார்த்துட்டு, "இலைப்பேனுங்க, இதுக்கா இப்படி உட்கார்ந்திருக்கீங்க"ன்னு சோப்புத் தண்ணியைக் கரைச்சுத் தெளிச்சா, பேன் போயிடுச்சு, அப்பாடான்னு இருந்தேன், பார்த்தா இலை ஓரமெல்லாம் அடுப்புல காட்டின மாதிரி கருகுது, பூவெல்லாம் கொட்டுது, தண்ணி ஊத்த ஊத்தச் செடி தலையைத் தொங்கப்போடுது. அருளானந்தம் வேரழுகல்னான். எங்க அக்கா சவேரியம்மா கண்ணுபட்டுடுச்சுன்னு ஒரே முடிவா சொல்லிடுச்சு. உங்க அத்தை, "தண்ணி ஊத்தியே கொன்னுட்டீங்க"ன்னு என் மேல போட்டா. நான் வெயில்னேன். இப்படி ஆளுக்கொரு நோய் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே, தொட்டிக்கு வெளியே வெள்ளை வெள்ளையா ஏதோ பூத்துது. சாம்பல் நோய்னு கேள்விப்பட்டிருக்கேன், ஆனா செடிக்கு வந்தது மண்சட்டிக்கும் பரவும்னு யாரும் எனக்குச் சொல்லலை. பயத்துல தொட்டியைத் தொட்ட கையைக் கழுவிக்கிட்டே இருந்தேன்.

நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆஸியா பீவியோட ஆடு உள்ளே பூந்துடுச்சு. கம்பை எடுத்தேன்.

"அண்ணே, அதை அடிக்காதீங்க. ஒரு இலையைத் தின்னுச்சா பாருங்க."

"இலையில்லம்மா, தொட்டியையே தின்னுது."

"தின்னலண்ணே, நக்குது. உங்க வீட்டுத் தொட்டியில அப்படி என்ன ருசி?"

ஆடு நக்கின இடத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் சுரண்டி நாக்குல வச்சேன். கருவாட்டுப் பானைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருந்துச்சு. எல்லாரையும் கூப்பிட்டேன். ஆளுக்குக் கொஞ்சம் நாக்குல வைக்கச் சொன்னேன். அப்புறம் உங்க அத்தை, "கோயில்ல மந்திரிச்ச உப்பு, புனிதமானதுதானேன்னு வேர்ல கொஞ்சூண்டு போட்டேன்"னா. "நீயுமா"ன்னு அக்கா கேட்டுச்சு. அது வெள்ளிக்கிழமை தவறாம போட்டிருக்கு. அருளானந்தம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், கல்யாணம் அவனுக்குத்தானே, அவன் போட்டதுதான் அதிகம். நான் போட்டதை இங்கே எழுதலை, கை வலிக்குது.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் தோட்டக்கலை ஆபீசில் ஜீப் ஓட்டுவதால் உங்களுக்குத் தெரியாத செடி இருக்காது. இதே உயரத்தில், இதே மாதிரி ஐந்து செடிகள் பார்த்து, திருவிழாவுக்கு முன்பே சாக்கில் சுற்றிக் கொண்டுவந்துவிடுங்கள். மண்ணை மாற்றி அதே தொட்டியில் நட்டுவிடலாம். செல்வம்மாள் அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் அருளானந்தத்தின் கதி அவ்வளவுதான்.

மகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர். உங்களையும் உங்கள் ஜீப்பையும் மாதா மேடுபள்ளம் காட்டாமல் நடத்தட்டும்.

இப்படிக்கு, தானே எழுதிய
மரியசூசை

பின்குறிப்பு: செடி வேண்டாம். எனக்கு ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொன்னால்தான் கை நகரும். "மட்டும் தெரியக்கூடாது" என்று உரக்கச் சொல்லி எழுதி, கையெழுத்தும் போட்டு நிமிர்ந்தேன். வாசலில் செல்வம்மாள் அம்மா. கடைத்தெருவுக்கு வந்தவர்கள் எட்டிப்பார்த்தார்களாம். மந்திரித்த உப்பிலிருந்தே நின்று கேட்டிருக்கிறார்கள். நேரே தொட்டிக்குப் போய், குனிந்து பார்த்து, "குடுக்கும்போது அடியில நானும் ஒரு கை போட்டுத்தாங்க குடுத்தேன்" என்றார்கள். பிறகு எங்கள் நாலு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "ஒரு செடிக்கு இத்தனை பேரு ஒளிஞ்சு ஒளிஞ்சு போட்டிருக்கீங்க. எம்பொண்ணு இங்க நல்லாத்தான் இருப்பா. ஆனா அடுப்படியில உப்பு அவ மட்டும்தான் போடுவா, அத இப்பவே சொல்லிட்டேன்" என்றார்கள். திருவிழா முடிந்த மறுநாள் நிச்சயம். குடும்பத்தோடு வந்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் எழுதினால் போதும் என்கிறாள் உங்கள் அத்தை. அதற்கு சோமசேகரனே போதுமே, நான் எதற்குப் படித்தேன்?