மாப்பிள்ளை வைக்க மறந்த மோட்டார்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் ஆயுளில் பாதியை அரசாங்க எடைமேடையில் அதிகாரியாக உட்கார்ந்து, லாரிக்காரர்கள் சொன்ன பொய்களை எல்லாம் கேட்டுச் சலித்தவன் நான். இந்த வயதில் நானே ஒன்றை எழுத்தில் கொடுக்க மனம் வரவில்லை. என் இடுப்பு நலமில்லை. வலது தோளும் நலமில்லை. உங்கள் மாமியார் மட்டும் பரிபூரண நலம். எதிரே தெரியும் மலையைப் பார்த்தபடி மடக்கு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்களும் என் மகளும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டில் சகல சௌகரியங்களோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். செல்போனில் சிக்னலே கிடைக்காத இடமாகப் பார்த்து எங்களை அனுப்பி வைத்தவர் நீங்கள்தான். ஆகவே உங்களைத் திட்டுவதற்கு, மன்னிக்கவும், உங்களோடு அளவளாவுவதற்கு, கடிதத்தைத் தவிர வேறு வழியில்லை.

இந்தப் பயணம் எப்படித் தொடங்கியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் ஓய்வு பெற்றதும், எங்கேயாவது போய் வரலாமா என்று உங்கள் மாமியாரிடம் கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் போன இடத்தில் ஒரு வாரம் தண்ணீரைப் பற்றித் தான் நினைக்கவே கூடாது என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருக் குழாயில் விடிவதற்கு முன் தண்ணீர் வரும், விடிந்ததும் நின்றுவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டதும் எழுந்து, குடம், வாளி, அண்டா, டிரம் என்று நிரப்பி மாடிக்குத் தூக்கிக்கொண்டு வருபவள் அவள்தான். நான் எழுந்து பல் தேய்க்கப் போகும்போது எல்லாம் நிறைந்திருக்கும். எப்படி நிறைந்தது என்று நான் கேட்டதில்லை. நிறைந்திருக்கிற வாளியைப் பார்த்து யாராவது கேள்வி கேட்பார்களா? எனவே அவளுடைய அந்த ஒரு வார ஆசையை நிறைவேற்றிவிட வேண்டும் என்று எனக்கும் மெய்யாகவே ஆசை வந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். உங்களிடம் வந்து யோசனை கேட்டேன் பாருங்கள், அதுதான் என் கிரகம்.

நீங்கள் சாதாரண ஆளா? யோசனை கேட்டவனுக்கு ஊர்வலமே ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டீர்கள். சக்கரம் வைத்த வீடு மாதிரி இருக்கும் உங்கள் கேரவனைக் கொடுத்தீர்கள். அதை இழுக்க உங்கள் பிக்கப் வண்டியைக் கொடுத்தீர்கள். கேரவனுக்குள் இருக்கும் டேங்க் இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று சொல்லி, பிக்கப்பின் பின்னால் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டேங்கை ஏற்றிப் பட்டை போட்டு இறுக்கினீர்கள். கொள்ளளவு ஆயிரம் லிட்டர். தண்ணீர் மட்டும் கையில் இருந்தால் அத்துவானக் காட்டிலும் ராஜ வாழ்க்கைதான் மாமா என்றீர்கள். வீடியோவில் ஒரு தாடிக்காரர் இப்படித்தான் மூன்று வாரம் இருந்தாராம். அந்தத் தாடிக்காரர் குளித்தாரா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அந்த டேங்கிலிருந்து கேரவனுக்குத் தண்ணீர் ஏற்ற, பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். மாப்பிள்ளை சொன்ன பிறகு சீட்டைத் தூக்கிப் பார்ப்பது மரியாதையா? எத்தனையோ லாரிகளில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த கை இது. உங்கள் சீட்டுக்கு மட்டும் மரியாதை கொடுத்துவிட்டது.

அடுத்தது எடைமேடை. இதில் உங்கள் பங்கு பாதிதான், மீதி என் தலையெழுத்து. நெடுஞ்சாலையில் நான் வேலை பார்த்த அதே மேடை வந்தது. கை பழக்கத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டேன். அங்கே இப்போது இருக்கும் இளம் அதிகாரி, இது சொந்த உபயோகத்துக்கான வண்டி, எடை போடத் தேவையில்லை, போங்க சார் என்று கையை ஆட்டினார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நான்தான் வண்டியை மேடையில் ஏற்றினேன். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அடுத்தவன் வண்டியில் இருக்கும்போது நன்றாகத் தெரியும். முள் எங்கே போய் நின்றது என்று சொல்லமாட்டேன், உங்களுக்குச் சந்தோஷமாகிவிடும். அதிகாரி, பரவாயில்லை சார், தண்ணிதானே என்றார். மணல்தானே, கல்லுதானே, கரும்புதானே என்று என்னிடம் கெஞ்சியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் சொன்ன பதிலையே எனக்கும் சொல்லிக்கொண்டு, இறங்கிப் போய் டேங்கின் வால்வைத் திறந்தேன். பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் இரண்டு முகங்கள் எனக்குத் தெரிந்த முகங்கள், என் கையால் அபராதச் சீட்டு வாங்கியவை. ஒருவர் வலிய வந்து தன் லாரியிலிருந்த டியூபை மாட்டி உதவினார், அவ்வளவு திருப்தி அவருக்கு. உங்கள் மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்து பக்கக் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசினால் எனக்குத் தலைவலிதான் வரும். பேசாவிட்டால் காய்ச்சல் வரும்.

நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்பீர்கள். அதை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பிரேக் போட்டால் வண்டி நிற்கிறது, தண்ணீர் நிற்பதில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துப் பின்னாலிருந்து வந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளுகிறது. வளைவில் நான் இடது பக்கம் திரும்பினால் அது வலது பக்கம் போகிறேன் என்கிறது. உங்கள் மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்து, பின்னால் யார் தள்ளுவது என்று கேட்டாள். உன் மாப்பிள்ளைதான் என்றேன்.

வந்து சேர்ந்த இடம் அழகான இடம்தான், அதை மறுக்கமாட்டேன். மேட்டின் மேல் கேரவனைக் கழற்றி நிறுத்தினேன், மலை தெரிய வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். பிறகு பிக்கப்பைத் திருப்ப மேட்டிலிருந்து இறக்கினேன். கீழே பள்ளத்தில் மண் பஞ்சாக இருந்தது. அரை டன் தண்ணீரோடு பின்சக்கரம் அச்சு வரைக்கும் உள்ளே போய் அமர்ந்துவிட்டது. சரி, வண்டி அங்கேயே கிடக்கட்டும், மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொள்ளலாம் என்று சீட்டைத் தூக்கினேன். டியூப் இருந்தது. மோட்டார் இல்லை. மாப்பிள்ளை அவர்களே, டியூபை ஞாபகமாக வைத்துவிட்டு மோட்டாரை மறக்க ஒரு தனித் திறமை வேண்டும்.

வாரம் ஒருமுறை இந்தப் பக்கம் வரும் வனக்காவலர் அன்றைக்கு வந்திருந்தார். சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, டேங்கைக் காலி பண்ணுங்க, வண்டி தன்னால் ஏறிவிடும் என்றார். நான் வால்வில் கை வைத்தேன். மேட்டின் மேலிருந்து உங்கள் மாமியார் குரல் வந்தது. “இன்னொரு தடவை தண்ணியக் கீழ விட்டீங்க, நான் நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்.” செய்யக்கூடியவள்தான். ஆக நிலைமை என்னவென்றால், டேங்க் காலியானால்தான் வண்டி மேலே ஏறும், வண்டி ஏறினால்தான் தண்ணீர் தன்னால் கேரவனுக்குப் பாயும், ஆனால் அப்போது டேங்கில் தண்ணீர் இருக்காது. இதை உங்கள் தாடிக்காரரிடம் காட்டி விளக்கம் கேட்டு எழுதவும்.

அன்றிலிருந்து வாளியும் நானும்தான். பள்ளத்தில் இறங்கு, பிடி, மேட்டில் ஏறு, கேரவனின் பக்கவாட்டில் இருக்கிற ஓட்டையில் புனல் வைத்து ஊற்று, மறுபடி இறங்கு. ஏறும்போது பாதி செருப்பில் ஊற்றிக்கொள்கிறேன். உள்ளே அவள் குழாயைத் திறக்கிறாள், தண்ணீர் வருகிறது. இரண்டு பேருக்கு எத்தனை பாத்திரம் இருக்கும்? அவள் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறாள். ஜன்னல் திரைகளைத் துவைத்தாள், மெத்தை உறையைத் துவைத்தாள், மூலையில் கிடந்த உங்கள் மழைக்கோட்டைக்கூட விடவில்லை. அது முடிந்ததும் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று காற்றில் சொல்வாள். சந்தோஷமாக இருக்கிறாள், ஒப்புக்கொள்கிறேன். எந்நேரமும் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷம் முழுவதும் என் இடுப்பின் மேல் ஏறி வருகிறது என்பதுதான் என் புகார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள் வைக்க மறந்த மோட்டார் என்பதை இத்தால் பதிவு செய்கிறேன். திரும்பி வந்ததும் இரண்டு வண்டிச் சாவிகளையும் உங்கள் கையில் வைத்துவிட்டு, இனி யோசனை கேட்க உங்கள் வாசற்படி ஏறமாட்டேன். சாப்பாட்டுக்கு வருவேன், அது வேறு விஷயம். உங்கள் வீட்டுக் குழாய் என்றும் வற்றாதிருக்கவும், நீங்கள் நீண்ட ஆயுளோடும் கொஞ்சம் ஞாபகசக்தியோடும் வாழவும் வாழ்த்துகிறேன். என் மகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
ஈரச் செருப்போடு,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்காமல் மாப்பிள்ளைக்கு ஒரு வரிகூடப் போகாது, எங்கள் வீட்டு வழக்கம் அது. முழுவதும் கேட்டுவிட்டு, “அவரைத் திட்டாதீங்க. அவரு மோட்டாரை வெச்சுத்தான் கொடுத்தாரு, நான்தான் எடுத்து அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். மாமா பாவம் அத்தைன்னு அவரு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாரு” என்றாள். ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். “தண்ணி தன்னால வந்தா எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு தோணுச்சு. உங்களுக்கு இத்தனை வருஷமா அப்படித்தானே வந்துச்சு” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் மறுபடி பேனாவை எடுத்தேன். ஆகவே மேலே உங்களைப் பற்றி எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும், இடுப்பைப் பற்றியது மட்டும் உண்மை. டேங்க் காலியாகிவிட்டது, சக்கரமும் வெளியே வந்துவிட்டது. இன்று மறுபடி வந்திருக்கும் வனக்காவலரிடம் வழி கேட்டுக்கொண்டு தண்ணீர் பிடித்து வரக் கிளம்புகிறேன், இன்னும் ஒரு வாரம் இருக்கப்போகிறோம். வண்டியை இந்த முறை கெட்டி மண்ணாகப் பார்த்து நிறுத்துவேன், ஆனால் மேட்டுக்குக் கீழேதான். மோட்டாரை யார் கையிலும் கொடுத்து அனுப்ப வேண்டாம்.