வாரம் ஒரு யூனிட் எங்கே போகிறது?

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காளும் நலம். நீ விட்டுப் போன வீடியோ கேம் விளையாட்டுப் பெட்டியும் நலம். இன்றோடு இருநூற்றுப் பதினோரு நாளாகக் கண் மூடாமல் ஓடுகிறது. உனக்கு அங்கே தங்குமிடமும் சாப்பாடும் ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் நீ "ம், ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். வருகிற புதன்கிழமைக்குள் பதில் வேண்டும்.

நீ ஊருக்குக் கிளம்பிய அன்று, இந்தப் பெட்டிக்குள் ஏதோ மாற்றம் செய்து, முன்னூறு சினிமாப் படங்களை ஏற்றி, டிவியில் மாட்டிவிட்டு என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "அத்தான், எக்காரணம் கொண்டும் இத அணைச்சிடாதீங்க. அணைச்சா நான் செஞ்சதெல்லாம் போயிடும். அப்புறம் படம் ஓடாது, இது வெறும் விளையாட்டுப் பெட்டிதான்." முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவனுக்கு இது புரியவே இல்லை. அணைத்தால் போய்விடும் என்றால் எங்கே போகும்? ஓடும்போது எங்கே இருக்கிறது? டார்ச் அடித்துக் காற்றோட்டத் துளை வழியாகப் பார்த்தேன், தூசிதான் இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். உஸ் என்று ஒரே மூச்சு. சரி, சொன்னது மைத்துனன், காப்பது நம் பொறுப்பு என்று அன்றைக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவன்தான்.

அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைக் கேள். கூடத்துக்கு வண்ணம் அடிக்க வந்தவர் டிவி மேசையை நகர்த்தச் சொன்னார், ஒயர் எட்டாது, பிடுங்கக் கூடாது என்றேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பெட்டியைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார், இப்போது வெள்ளைச் சுவரில் பெட்டி அளவுக்குப் பழைய நீலம் அப்படியே நிற்கிறது. அடுத்த மாதம் நம் சம்பந்தி நல்ல வெயிலில் வியர்த்து விறுவிறுத்து வந்தார், வந்தவர் மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பினார், நான் பெட்டியின் பக்கம் திருப்பினேன், அவர் திருப்பினார், நான் திருப்பினேன், நாலாவது தடவை, "வந்த மனுஷன விட இந்தப் பெட்டி ஒசத்தியாப் போச்சா?" என்று எழுந்து, ஊற்றி வைத்த காபியைக்கூடத் தொடாமல் போய்விட்டார். நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டும் வரை உன் அக்கா இருந்தாள், அவள் வந்தபின் நான் சாப்பாட்டுக்குப் போனேன், ஆல்பத்தில் நாங்கள் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. பார்த்தவர்கள் எங்களுக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

உண்மையில் கதை நேர் எதிர். ஓய்வு பெற்ற புதிதில் நான் இரண்டு மாதம் வழக்கம்போல ஒன்பது மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன், தெருத்தெருவாக நடப்பேன், பழக்கதோஷத்தில் யார் வீட்டு மீட்டரையாவது எட்டிப் பார்ப்பேன், ஒரு வீட்டு அம்மா திருடன் என்று கூச்சல் போட்டதும் உனக்குத் தெரியும். இந்தப் பெட்டி வந்தபிறகு காலை ஆறிலிருந்து எட்டு வரை நடைக்குப் போவதோடு சரி. மதியம் சாப்பிட்டதும் நானும் உன் அக்காளும் உட்கார்ந்தால், எந்தப் படம் என்று சண்டை போடவே முக்கால் மணி நேரம் ஆகும். உன் அக்காளுக்கு இவ்வளவு சிரிப்பு வரும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. அந்த மதியம் போய்விடக் கூடாது. அதுதான் என் கவலை.

புதன்கிழமை எங்கள் தெருவில் பராமரிப்பு வேலை. காலை பத்து முதல் மாலை நான்கு வரை மின்சாரம் கிடையாது. கரண்ட் போனால் பெட்டி அணையாமல் இருக்க நான் வாங்கி வைத்த பேட்டரி நாற்பது நிமிஷத்துக்கு மேல் தாங்காது. பழைய ஆபீசில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்தான் இப்போது அதிகாரி. போய்க் கேட்டேன். "சார், ஒரு கேம் பெட்டிக்காக நாலு தெரு வேலைய நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இன்னொரு சந்தேகம். பெட்டிக்கென்று தனியாக ஒரு சப் மீட்டர் மாட்டியிருக்கிறேன். ஒரு மணி நேரம் மீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணிக் கணக்குப் போட்டதில், வாரத்துக்குப் பன்னிரண்டு யூனிட் ஓட வேண்டும். பதினொன்றுதான் ஓடுகிறது. ஏழு மாதமாக வாரம் தவறாமல் ஒரு யூனிட் குறைவு. மீட்டரில் பழுதில்லை, சோதித்துவிட்டேன். பெட்டி நமக்குத் தெரியாமல் அசந்து தூங்குமா? எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நீ தொட்டதெல்லாம் நின்றுபோகாமல் ஓடட்டும் என்று வாழ்த்தும்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதற்கும் பதில் வேண்டாம். இன்று காலை நடைக்குப் போன வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஆறரைக்கே திரும்பிவிட்டேன். உள்ளே வந்தால் பெட்டி இருட்டாகக் கிடக்கிறது. "ஐயோ, போச்சே!" என்று அலறினேன். உன் அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "கத்தாதீங்க. நீங்க நடக்கப் போனதும் தெனமும்தான் அணைக்கிறேன். அதுவும் கொஞ்சம் ஆறட்டுமே." எழுந்து போய், தையல் பெட்டியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகி, மூன்று பொத்தானை அழுத்தினாள். இரண்டே நிமிஷம். முன்னூறு படமும் வந்து நின்றன. நீ சொல்லிக்கொடுத்ததாமே! அணைக்கவே கூடாது என்று என்னிடம் சொல்லச் சொன்னதும் அவள்தானாமே!

தினம் இரண்டு மணி நேரம், வாரம் பதினாலு மணி நேரம். அந்த ஒரு யூனிட்டின் கணக்கு நேராகிவிட்டது. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன், குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. "சொல்லியிருந்தா ஒம்பது மணிக்குச் செருப்ப மாட்டியிருப்பீங்க. முப்பத்திரண்டு வருஷமா ஊர்ல இருக்கிற மீட்டரெல்லாம் பாத்தீங்க. ஒரு மதியம் என்கூட உக்காந்திருக்கீங்களா?" என்றாள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

புதன்கிழமை ஆறு மணி நேரமும் நான் வீட்டை விட்டு நகரப் போவதில்லை. அணைந்த பெட்டிக்கு எதற்குக் காவல் என்று உன் அக்கா கேட்டால் என்ன சொல்வது? அதற்கு மட்டும் பதில் போடு.